கார்க் கதவு ஸ்பீக்கர் மாற்றப் போகிறவர்களுக்கு: உள்ளே இருக்கும் பாலிதீன் ஷீட்டைக் கிழிக்க விடாதீர்கள்

2024 ஜூலையில் என்னுடைய எட்டு ஆண்டுப் பழைய காருக்கு முன்கதவு ஸ்பீக்கர்களை மாற்றினேன். அந்த ஆண்டு முடிவதற்குள் இடப்பக்க ஸ்பீக்கர் செத்துப்போனது, காலடி விரிப்பு ஊறி நாற்றமெடுத்தது, கதவின் அடிவிளிம்பில் துரு பூத்தது. மழையை நான் குறை சொல்லவில்லை. சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்யும் என்பது கடைக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கதவைத் திறந்து வேலை செய்தவர்கள் மூன்று இடங்களில் செய்த தவறும், அதை மறைக்க அவர்கள் சொன்ன பொய்யும்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு வரை போகச் சோம்பல்பட்டு, வீட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாகத் திறந்திருந்த ஒரு கார் அலங்காரக் கடையில் வண்டியை விட்டேன். ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஜோடி 11,500 ரூபாய், நான்கு கதவுகளுக்கும் டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்கும் ஒட்டுப்படலம்) ஒட்ட 6,000, கூலி 1,500 என்று பேசி முடித்தோம். மாலையில் வண்டியை எடுத்தபோது பாட்டு அருமையாகத்தான் கேட்டது. கடைக்கு வெளியே குப்பைக்கூடையில் கறுப்புப் பசை ஒட்டிய பாலிதீன் துண்டுகள் சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன். புது ஸ்பீக்கரைச் சுற்றி வந்த உறை என்று நினைத்துக்கொண்டேன்; என்னுடைய அறியாமை அங்கிருந்து தொடங்குகிறது.

கார்க் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது பழுதல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கண்ணாடியின் அடியில் இருக்கும் ரப்பர் பீடிங் பெரும்பாலான நீரை வழித்துத் தள்ளினாலும் மிச்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். அந்த நீர் கதவின் வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே ஓடி, அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியே சாலையில் சொட்டிவிட வேண்டும் என்பதுதான் எல்லாக் கார்களிலும் உள்ள ஏற்பாடு. உள்தகட்டில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியைப் பொருத்துவதற்காகப் பெரிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவற்றை மூடி, கதவுக்குள் ஓடும் நீர் நம் பக்கம் வராமல் தடுப்பது பியூட்டைல் என்ற ரப்பர் போன்ற கறுப்புப் பசையால் ஒட்டப்பட்ட மெல்லிய பாலிதீன் ஷீட் ஒன்றுதான்; குப்பைக்கூடையில் நான் பார்த்த துண்டுகள் அதுதான். கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தால் அதன் முதுகுப்புறத்தில், பெரும்பாலும், தாழ்வாரம்போல ஒரு பிளாஸ்டிக் விளிம்பு நீண்டிருப்பதைக் காணலாம். மேலிருந்து சொட்டும் நீர் காந்தத்தின் மீது விழாமல் ஒதுங்கிப்போவதற்காக வைத்தது அது. கடையில் வாங்கும் ஸ்பீக்கருக்கு அந்தத் தாழ்வாரம் கிடையாது.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது வண்டி தெருவில், இடப்பக்கம் சற்றுச் சாய்ந்த நிலையில் நின்றிருந்தது. மறுநாள் காலையில் இடக்கதவைத் திறந்தேன். உள்ளே ‘சளக்’ என்றது. பாதி நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்து நடந்தால் வருமே, அந்தச் சத்தம். பாட்டைப் போட்டால் ஒரு பக்கம் கரகரத்தது.

கடைக்காரர் கதவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “வாட்டர் வாஷ் பண்றப்போ கண்ணாடியில பிரஷர்ல அடிச்சிருப்பாங்க சார், தண்ணி போனா வாரண்டி வராது” என்றார். ஸ்பீக்கருக்கான வாரண்டி நீர்ச் சேதத்தை ஏற்காது என்பது உண்மை. ஆனால் நீர் ஏன் புகுந்தது என்ற கேள்விக்கு அது விடையாகாது. கேட்டு நிற்கத் தெரியாமல், அவர் சொன்ன தீர்வுக்கு மேலும் 1,800 ரூபாய் கொடுத்தேன். ஸ்பீக்கரின் பின்னால் கிண்ணம்போன்ற ஃபோம் உறை ஒன்றைப் போட்டு, ஷீட் இல்லாத இடத்தைச் சுற்றிச் சிலிக்கான் பூசி மூடினார்கள். வண்டிக்குள் இரண்டு நாள் காடி (வினிகர்) வாசனை அடித்தது. டிசம்பர் நடுவில் வந்த அடுத்த மழையோடு இடப்பக்க ஸ்பீக்கர் முழுவதுமாக ஊமையானது.

அதன் பிறகுதான் பல ஆண்டுகளாகக் கதவுக் கண்ணாடி வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் பேசுவதற்கு முன்பே கதவின் உட்புற மூடியான டோர் பேடைக் கழற்றினார். ஒரு குவளை தண்ணீரை என் கையில் கொடுத்து, “கண்ணாடி அடியில மெதுவா ஊத்துங்க தம்பி” என்று சொல்லிவிட்டு டார்ச்சை உள்ளே அடித்தார். கண்ணாடியின் உள்முகத்தில் வழிந்த நீர் பொறியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒயரின் மீது தாவி, ஒயர் கீழ்நோக்கிச் சரிந்த வழியே நேராக ஸ்பீக்கரின் முனைக்கே போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஃபோம் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு பக்கம் ஒட்டாமல் விட்டிருந்ததால் அதற்குள் நீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல் தேங்கியிருந்தது. நனையாமல் இருக்கப் போட்ட உறைக்குள் என் 11,500 ரூபாயில் பாதி மூழ்கிக் கிடந்தது.

ஸ்பீக்கரைப் பொருத்த கடைக்காரர்கள் பயன்படுத்திய எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வளையம் டீயில் நனைத்த பொறைபோல உப்பி, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. காகிதக் கோன் விளிம்பில் அலை அலையாக நெளிந்திருந்தது. காயிலுக்குப் போகும் மெல்லிய சடைக்கம்பி பச்சை பூத்து அறுந்திருந்தது. நல்ல நிலையில் உள்ள நான்கு ஓம் ஸ்பீக்கரில் மல்டிமீட்டரை வைத்தால் மூன்றரையை ஒட்டி ஏதாவது காட்ட வேண்டும். இதில் முள் அசையவே இல்லை. சிலிக்கானோ பாலிதீனில் பிடிக்காமல் தோசைபோல் உரிந்து வந்தது. காடி வாசனை அடிக்கும் வகைச் சிலிக்கான் உலரும்போது அமிலத்தை வெளிவிடும் என்பதையும், வண்ணம் போன தகட்டில் அது துருவை விரைவுபடுத்தும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்தியது கதவின் அடியில் இருந்தது. டேம்பிங் ஷீட்டை அடிவிளிம்பு வரை இழுத்து ஒட்டி, மூன்று வடிகால் துளைகளில் இரண்டை அடைத்திருந்தார்கள். மூன்றாவது துளையில் ஷீட்டை வெட்டிய துண்டு ஒன்று போய் அடைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியவுடன் கறுப்பு நீர் கொட்டியது. வலக்கதவில் பாலிதீன் ஷீட்டை முழுவதும் வெட்டி எறியாமல் மேல்பாதியை அப்படியே தொங்கவிட்டிருந்தார்கள்; அது குடைபோலக் காந்தத்தின் மீது விழுந்திருந்ததால் அந்த ஸ்பீக்கர் பிழைத்தது. பாதியில் வேலையை விட்ட எவனோ ஒரு பையனின் சோம்பேறித்தனத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணன் செய்த வேலை எளியது. தடித்த பாலிதீனைக் கதவின் அளவுக்கு வெட்டி, பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டி, அடிவிளிம்பை மட்டும் கதவின் உட்பக்கம் செருகினார். ஷீட்டின் மீது வழியும் நீர் மறுபடி கதவுக்குள்ளேயே விழ வேண்டும் என்பதற்காக. எம்டிஎஃப்புக்குப் பதில் பிளாஸ்டிக் வளையம் போட்டார். ஃபோம் கிண்ணத்தின் கீழ்ப்பாதியை வெட்டி எறிந்துவிட்டு மேல்பாதியை மட்டும் கூரைபோல வைத்தார். முழுக் கிண்ணமாக இருந்தால் நீர் தேங்குவதோடு, ஸ்பீக்கருக்குப் பின்னால் காற்றுக்கு இடமில்லாமல் பேஸும் குறைந்துவிடும் என்றார். ஒயரை முனைக்குக் கீழே வளைத்துத் தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றி இணைத்தார். நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடுமாம். டோர் பேடை மாட்டுவதற்கு முன் மீண்டும் குவளையும் டார்ச்சும். புது ஸ்பீக்கரைத் தவிர்த்து 1,400 ரூபாய் வாங்கினார்.

ஆகவே, உங்கள் வண்டியைக் கடையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். டோர் பேட் கழன்றதும் அருகில் நின்று, ஷீட்டை வெட்டாமல் பசையோடு பொறுமையாக உரிக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கருக்காக வெட்டியே ஆக வேண்டுமென்றால், வெட்டிய விளிம்பை வளையத்தைச் சுற்றிப் பியூட்டைலால் மூடச் சொல்லுங்கள். டேம்பிங் ஷீட் ஒட்டினால் அடித்துளைகளை விரலால் தடவிப் பாருங்கள். மூடுவதற்கு முன் ஒரு குவளை நீர் ஊற்றிக் காட்ட மறுக்கும் கடையில் மேற்கொண்டு பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, ரசீது. எனக்குத் தந்தது கடையின் பெயர்கூட அச்சிடப்படாத துண்டுத்தாள்; அதில் “சவுண்ட் ஒர்க் 19,000” என்று மட்டும் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம், 5 லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. ஆயினும் யார், என்ன வேலை செய்தார் என்று காட்ட அந்தத் தாள் போதாது. உப்பிய வளையத்தின் படத்தையும் அடைபட்ட துளைகளின் படத்தையும் கடைக்காரருக்கு அனுப்பியபோது, நீண்ட பேச்சுக்குப் பிறகு கூலி 1,500-ஐ மட்டும் திருப்பித் தந்தார். ஸ்பீக்கருக்கும் விரிப்புக்கும் என் கையிலிருந்துதான் செலவழிந்தது.

டேம்பிங் ஷீட் நான்கு கதவுகளுக்கும் ஒட்டினார்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். பின்கதவுகளை இன்னும் கழற்றிப் பார்க்கவில்லை; ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் அண்ணன்.