‘ரெண்டும் ஒண்ணுதான் சார்’

கும்பகோணம் போய் இறங்கிய மறுநாள் காலை, அக்கா காபி ஃபில்டரை என்னிடம் நீட்டினாள். இறுகிப்போன மேல் பாத்திரத்தைத் திருகி எடுக்க அவளால் முடியவில்லை. விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. மோதிரத்தைக் கழற்றி பீரோவில் வைத்து நாலு மாதம் ஆயிற்றாம். எழுந்தால் பத்து மணி வரை கை மடங்காது என்றாள். ரத்தம் பார்த்தாயிற்று, மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் சோதனை நெகட்டிவ், அதனால் வாதம் இல்லை என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

தஞ்சாவூரில் மூட்டுவாத நிபுணரிடம் மறுநாள் மாலையே இடம் கிடைத்தது. நான் வசிக்கும் பர்மிங்ஹாமில் என் முழங்காலுக்கு நிபுணரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருந்தவன் நான். டாக்டர் அக்காவின் கைகளைப் பிடித்து ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்தார். மணிக்கட்டும் விரல்களுமாக 6 மூட்டுகளில் வீக்கம். முடக்குவாதம், சரவாங்கி என்போமே, அது இருக்கிறவர்களில் 100க்கு 20, 30 பேருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாகத்தான் வரும் என்றார். முடக்குவாதத்துக்கான இன்னொரு ரத்தச் சோதனையான ஆன்ட்டி சிசிபி, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி, இரண்டையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சரி, ஊர் திரும்பி லேபில் சீட்டைக் கொடுத்து ரத்தமும் கொடுத்தோம். சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். நெகட்டிவ். “பார்த்தியா, ஒண்ணும் இல்லடா” என்று அக்கா சிரித்தாள். நான் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிசிபி இல்லை. யூரிக் ஆசிட், ஏஎஸ்ஓ என்று வேறு சோதனைகள், கீழே மறுபடியும் அதே ஆர்.ஏ. ஃபேக்டர்!

மறுநாள் கவுன்டரில் கேட்டதற்கு, “ரெண்டும் ஒண்ணுதான் சார், ரெண்டுமே வாதத்துக்குப் பார்க்கிறதுதான்” என்றார் அந்தப் பெண். கம்ப்யூட்டரில் மூட்டுவலி பேக்கேஜ் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிவிட்டார். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் கோபமெல்லாம் சொல்லித் தராதவர்கள் மேல்தான்.

இரண்டும் ஒன்றே இல்லை. ஆர்.ஏ. ஃபேக்டர் 1940களிலிருந்து இருக்கிற சோதனை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி, காசநோய், வெறும் முதுமை, இவற்றில்கூட அது பாசிட்டிவ் காட்டும். ஆன்ட்டி சிசிபி 2000க்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தது. சிட்ருலின் என்ற அமினோ அமிலம் ஏறிய புரதங்களை நம் உடம்பே எதிரியாக நினைத்து உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. வேறு நோய்களில் அபூர்வமாகத்தான் வரும். அதிகமாக வந்தால் முடக்குவாதம் என்று ஏறக்குறைய நம்பலாம்.

பர்மிங்ஹாமில் நர்ஸ் பிறந்த தேதி கேட்டு, சோதனையின் பெயர் அச்சடித்த சீட்டைக் குழாயில் ஒட்டின பிறகுதான் விடுவார். ஆனால் ரிசல்ட்டுக்கு நாம்தான் போன் போட்டுக் காத்திருக்க வேண்டும். அப்பா காலத்தில் எங்கள் தெருவில் லேப் வைத்திருந்தவர், சீட்டில் எழுத்து புரியாவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு டாக்டரிடமே போய்க் கேட்டுவிட்டு வருவார். அந்த சைக்கிளைத்தான் நான் கவுன்டரில் நின்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வேறொரு லேபிலிருந்து ஒரு பையன் காலை ஆறரைக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தான். சீட்டில் இருந்ததை வாய்விட்டுப் படித்து, “ஆன்ட்டி சிசிபி, சிஆர்பி, சரிதானே அக்கா?” என்று கேட்டான். ரத்தம் சென்னைக்குப் போய் 2 நாளில் பதில் வந்தது. 20க்குள் இருக்க வேண்டிய சிசிபி 200க்கு மேல். சிஆர்பியும் கூடுதல்.

டாக்டர் 2010இல் வந்த மதிப்பெண் முறையைச் சொன்னார். 10க்கு 6 வந்தால் முடக்குவாதம். வீங்கிய சிறு மூட்டுகளுக்கு 3, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்ததற்கு 1, சிஆர்பிக்கு 1, ஆக 5. சிசிபி மிக அதிகம் என்பதால் இன்னும் 3. மதிப்பெண்ணை மட்டும் வைத்து வைத்தியம் பார்ப்பதில்லை என்றும் சொன்னார். ஆனாலும் அந்தப் பேக்கேஜ் காகிதத்தை நம்பியிருந்தால் அக்கா தஞ்சாவூருக்கே திரும்பிப் போயிருக்க மாட்டாள். முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே எலும்பு அரிக்கத் தொடங்கிவிடும் நோய் இது. அதில் நாலு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

முடக்குவாதத்துக்குக் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான், தினமும் போட்டால் ஆபத்து என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள். அக்கா காலண்டரில் புதன்கிழமைகளை வட்டமிட்டிருக்கிறாள். நேற்று போனில் பேசினேன். ஃபில்டரைப் பக்கத்து வீட்டுப் பையன்தான் இன்னும் திறந்து கொடுக்கிறானாம். பலன் தெரிய ஒன்றரை மாதமாவது ஆகுமாம்.