வடகடல், தென்கடல் இரண்டிலும் நங்கூரச் சங்கிலியும் நைலான் கயிறும்: பல பருவப் பயன்பாட்டுக்குப் பின்

28 அடிப் பாய்மரப் படகு. 10 கிலோ டான்ஃபோர்த் நங்கூரம் (இரண்டு தட்டை நாக்குகள் கொண்டது), 8 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சங்கிலி 12 மீட்டர், 14 மி.மீ. முப்புரி நைலான் கயிறு 50 மீட்டர். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா), வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) என்று ஒதுங்கி நிற்கும் படகுக்கு இந்தக் கலவை போதும்.

முழுக்கச் சங்கிலியே போடு என்பவர்கள் உண்டு. பவளப்பாறையில் கயிறு அறுந்துவிடும், அங்கே அது சரி. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளம் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே நங்கூரம் போடவே கூடாது. மற்ற இடங்களில் பெரும்பாலும் சேறு, மணல், தாழை (கடற்புல்)தான். 8 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. 50 மீட்டர் போட்டால் அணியத்தில் (படகின் முன்முனையில்) 70 கிலோ ஏறும். வடகடல் அலை குட்டை, நெருக்கம்; அந்தக் கனத்தோடு படகு தலைகுத்திக்கொண்டே போகும். ஆழம் குறைந்த இடத்தில் சங்கிலி சீக்கிரம் விறைத்துவிடும். அப்போது வெட்டி இழுப்பதைத் தாங்குவது நைலானின் நீட்சிதான்.

சங்கிலியும் கயிறுமாக எவ்வளவு நீளம் விடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 3 மீட்டர் தண்ணீர் என்றால் ஆழத்தின் ஏழு மடங்கு 21 மீட்டர் என்று நிறுத்திவிடுகிறார்கள். அணியத்தின் உயரம் 1 மீட்டரையும் கூட்டினால் 28. ஆழக்கடலில் பொருட்படுத்தத் தேவையில்லாத அந்த ஒரு மீட்டர், இங்கே படகு இழுபடுவதற்கும் நிற்பதற்கும் இடையிலான வித்தியாசம்.

தேவிபட்டினம் பக்கச் சேற்றில் டான்ஃபோர்த் நன்றாக இறங்குகிறது. தாழையில் மோசம். நங்கூர நாக்குகளில் புல் சிக்கிப் பந்தாகிவிடும். அதன்பின் கடிக்காது, வழுக்கிக்கொண்டே போகும். வெயில் உச்சியில் இருக்கும்போது கருத்த தாழைக்கு நடுவே வெளுத்த மணல் திட்டு தெரியும், அங்கே போட வேண்டும். ஆவுளியா (கடற்பசு) மேய்கிற புல்லைப் பெயர்க்காமல் இருப்பதும் நல்லதுதானே. போட்டபின் எஞ்சினை மெதுவாகப் பின்னோக்கி விட்டு, சங்கிலி மேல் கையை வையுங்கள். அதிர்ந்தால் இழுபடுகிறது என்று அர்த்தம்.

தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. நங்கூரத்தை ஒட்டிய மூன்று மீட்டர்தான் முதலில் துருப்பிடித்துச் சிவக்கும். தரையில் உரசுவதும் கருஞ்சேற்றில் புதைவதும் அந்தப் பகுதியே. வருடம் ஒருமுறை சங்கிலியைத் தலைமாற்றிப் போட்டால் ஆயுள் கூடும். வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் உள்பக்கத்தைக் காலிப்பரால் அளக்கவும். 7.2 மி.மீ.க்குக் கீழே போனால் கழிக்க வேண்டியதுதான். ஸ்டெயின்லெஸ் சுழல்வளையம் வேண்டாம். அதைத் தொடும் இடத்தில் ஜி.ஐ. பூச்சு சீக்கிரம் போய்விடும். ஷாக்கிள் ஆணியை ஜி.ஐ. கம்பியால் கட்டி வைக்கவும்.

நைலானில் மேலே பஞ்சு பறப்பது சாதாரணம். விறைத்துப்போய், புரியைப் பிரித்தால் பொடி உதிர்ந்தால் மாற்றவும். அணியத்தில் உரசும் இடத்துக்குப் பழைய தீயணைப்புக் குழாயின் கித்தான் துண்டு நல்லது. பிளாஸ்டிக் குழாயைச் சொருகினால் தண்ணீர் புகாது. பலத்த காற்றில் கயிறு உள்ளே சூடேறி உருகும். சங்கிலியோடு பின்னிய இடம் உப்பையும் சேற்றையும் பிடித்து வைக்கும். வருடாவருடம் அதை வெட்டி, ஆறு பின்னலாவது போட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) கயிறு மிதக்கும், இரவில் கடக்கிற வல்லத்தின் விசிறி அறுத்துவிட்டுப் போகும்.

பாம்பன் கால்வாயில் இந்தத் தொகுதி எதுவும் உதவாது. நீவாடு (நீரோட்டம்) வேகம், அடியில் பார் (கடலடிப் பாறை). பாலம் தூக்கக் காத்திருக்கும்போது மீனவர்கள் வைத்திருக்கும் நாலு கொம்பு இரும்பு நங்கூரமே மேல். பாரில் மாட்டினாலும் கம்பி வளைந்து கழன்றுவரும். கரையேறியதும் கொம்பைத் தட்டி மறுபடி வளைத்துக்கொள்ளலாம்.