101-க்கும் 101.9-க்கும் நடுவே

என் தையல் கடை மேசையில் பழைய பிலிப்ஸ் ரேடியோ ஒன்று இருக்கிறது. அதன் திருகு உடைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடத்தில் பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். முள்ளை 101-இல் நிறுத்தினால் குமரி பண்பலை. நகத்தளவு கூடிவிட்டால் 101.9-இல் திருவனந்தபுரம் வானொலி வந்து, தமிழ் பாடிக்கொண்டிருந்த பெட்டி மலையாளம் பேசத் தொடங்கிவிடும். நாகர்கோவிலில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. 1956 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தோம்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடையில் இந்த ரேடியோவும் வீட்டில் உள்ளூர் கேபிள் சேனலும் என்று காலம் ஓடுகிறது. இரண்டையும் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று எங்கள் ஊரில்தான் தொடங்கியது. அதுதான் இந்தக் குமரி பண்பலை. பாட்டு எந்த வானொலியிலும் கிடைக்கும். மாவட்டச் சேதிக்காகத்தான் நான் இதை வைக்கிறேன். அண்ணனுக்குப் பூதப்பாண்டிப் பக்கம் வயல் இருக்கிறது. கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் நடவு நெருங்கும்போது அணை நீர்மட்டம் காதில் விழுந்தால் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்ற முழு நீர்மட்டம் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். மீனவர்களுக்கான வானிலை அறிவிப்பு வந்தால், குளச்சலிலிருந்து சட்டை தைக்க வந்தவர் அளவு கொடுப்பதை நிறுத்திக் கையை உயர்த்தியபடியே நிற்பார். நானும் நாடாவைப் பிடித்தபடி காத்திருப்பேன்.

கேபிள் கதை வேறு. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது வீட்டில் திருவிழாதான். பிறகு செட்டாப் பாக்ஸ் வந்தது. 2019-இல் 130 ரூபாயும் வரியும் அடிப்படைக் கட்டணம் என்றானது. சேனல் எண்கள் மாறியபோது உள்ளூர் சேனலைத் தேடிக் கண்டுபிடிக்க அம்மாவுக்கு ஒரு வாரம் ஆனது.

அம்மாவுக்கு மூட்டுவலி. சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தையும், டிசம்பர் 3-இல் நிறைவடையும் கோட்டாறு சவேரியார் திருவிழாவையும் அந்தச் சேனலில்தான் பார்க்கிறார். கேமரா ஆடும், ஒலி காற்றில் கரையும், நடுவில் யாருடைய தலையாவது தேரை மறைக்கும். அந்தத் தலை யாருடையது என்று அம்மா சொல்லிவிடுவார் என்பதுதான் இதில் சுவாரசியம். பெரிய சேனல்காரர்கள் எவ்வளவு துல்லியமாகக் காட்டினாலும் இந்த வசதி கிடையாது.

குறையும் உண்டு. மருமகனின் திருமணத்துக்கு வாழ்த்து விளம்பரம் கொடுத்திருந்தோம். சேனலின் பெயர் வேண்டாம். மாலை ஏழு மணிக்கு மணமக்கள் படம் வந்தது. சுற்றிலும் கறுப்புக் கரை, மேலே 'கண்ணீர் அஞ்சலி'. முந்தைய அறிவிப்பின் சட்டத்தை மாற்ற மறந்துவிட்டார்களாம். பத்து நிமிடத்தில் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. பணத்தைத் திருப்பித் தரவில்லை. மறுநாள் வாழ்த்தை மூன்று முறை கூடுதலாகப் போட்டார்கள். மூன்றாவது முறை மணமகன் பெயரில் எழுத்துப்பிழை.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் தெருவில் கேபிள் கம்பி மரத்தோடு கிடந்தது. மின்சாரமும் இல்லை, கைப்பேசியில் சார்ஜும் இல்லை. ரேடியோ பேட்டரியில் ஓடியது. சத்தத்தைக் கூட்டி வாசல் படியில் வைத்தேன். தைக்க யாரும் வரவில்லை, ஆனால் கடை வாசலில் நாள் முழுக்க ஆட்கள் நின்றார்கள். கடலுக்குப் போனவர்களின் வீட்டார் இருவர் இரவு வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து கல்லாப்பெட்டியில் நான்கு பேட்டரிகள் எப்போதும் இருக்கும்.

புதிய கைப்பேசிகள் பலவற்றில் எஃப்.எம். வசதியையே எடுத்துவிட்டார்கள். செயலியில் கேட்கலாம்தான், ஆனால் அதற்கு இணையம் வேண்டும். நேரலையை விடச் சற்றுப் பிந்தித்தான் ஒலிக்கும். ஆகவே புது ரேடியோ வாங்குபவர்கள் பேட்டரி போடும் இடம் இருக்கிறதா என்று முதலில் திருப்பிப் பாருங்கள். திருகு கெட்டால் பொத்தான் என்னிடம் கிடைக்கும்.