அசோஸ்பைரில்லமா, பேசில்லஸா? தகரக் கொட்டகை சொன்ன தீர்ப்பு

பினாங்கின் பாலிக் புலாவில் அத்தை மகன் நடத்தும் நாற்றங்காலுக்கு, வேர் பிடிக்க உதவும் நுண்ணுயிர்க் கரைசலை நான்தான் தயாரித்துக் கொடுக்கிறேன். எந்தப் பாக்டீரியாவை வளர்ப்பது என்று இருவரும் ஓர் ஆண்டு மல்லுக்கட்டினோம். நான் இப்போது பேசில்லஸ் சப்டிலிஸ் கட்சி. நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அசோஸ்பைரில்லம், பேசில்லஸ் இரண்டுமே வேர் வளர்ச்சியைத் தூண்டும் இண்டோல் அசெட்டிக் அமிலம் என்ற ஹார்மோனைச் சுரப்பவை. டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்தால் இரண்டிலும் சுரப்பு கூடும். 30 டிகிரி வெப்பம் இரண்டுக்கும் ஒத்துப்போகும். பினாங்கில் அதற்குச் செலவே இல்லை.

சுரப்பில் அசோஸ்பைரில்லத்தை மிஞ்ச முடியவில்லை. வளர்ச்சி ஓயும் கட்டத்தில் எடுத்து, தெளிந்த நீரில், அந்த ஹார்மோன் இருந்தால் சிவக்கும் சால்கோவ்ஸ்கி கரைசலை விட்டு அரை மணி நேரம் இருட்டில் வைத்தால், பால் கலக்காத ரோஸ் சிரப் போலச் சிவந்து நிற்கும். பேசில்லஸ் வெளிர் ரோஜா நிறத்தைத் தாண்டவில்லை. நான் வளர்த்தது ஒரே ஒரு வகை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகைக்கு வகை சுரப்பு மாறும். அந்தச் சிவப்பை அப்படியே நம்பவும் கூடாது, வேறு சில இண்டோல் சேர்மங்களும் நிறம் தரும்.

சிக்கல் அதன் பிறகுதான். எங்கள் பாட்டில்கள் தகரக் கொட்டகையில் கிடக்கின்றன. ஒரு மாதம் கழித்து அசோஸ்பைரில்லம் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை, பாக்டீரியா வளரும் சத்துக்கூழ் தட்டில் பரப்பினேன். பாக்டீரியா பெருகி உண்டாகும் புள்ளிகளான கூட்டமைவுகளைத் தேடித்தான் காண முடிந்தது. பேசில்லஸ் சொட்டை 80 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் வைத்த பிறகு பரப்பியும் தட்டு நிறைந்துவிட்டது. காரணம் ஸ்போர்கள். சத்து தீர்ந்ததும் பேசில்லஸ் தனக்குள்ளேயே கெட்டியான உறையுள்ள ஸ்போரைக் கட்டி, அந்த வடிவில் உறங்கிவிடும். ஈர மண்ணில் விழித்து மீண்டும் சுரக்கத் தொடங்கும். பாட்டிலில் ஏற்கெனவே கரைந்திருக்கும் ஹார்மோனோ வெளிச்சம் பட்டாலே சிதையும். அதைப் பெருக்கப் பாடுபட்டு என்ன பயன்?

எனவே சிவப்பு உச்சத்தில் அறுவடை செய்வதை விட்டுவிட்டேன். வளர்ப்புக் கரைசலில் சிட்டிகை மாங்கனீசு சல்பேட் சேர்த்து, ஸ்போர்கள் முற்றும்வரை குலுக்கியில் மூன்று நாள் ஓடவிடுகிறேன். டிரிப்டோபானையும் குறைத்துவிட்டேன், பணம் கரைவது அதில்தான்.

மிளகாய், வெண்டை நாற்றுகளில் மட்டுமே இதைப் பார்த்திருக்கிறேன். மரக்கன்றுகளைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். தண்டுத் துண்டுகளை அதே வாரம் நனைத்து நடுவதென்றால் அத்தை மகன் இன்னும் அசோஸ்பைரில்லம்தான் கேட்கிறான். சின்னப் பழுப்பு பாட்டிலில், தேதி ஒட்டி, கொடுத்துவிடுகிறேன்.