கழுத்துக் கட்டிக்கு எந்த ஸ்கான்?

தாலிக்கொடியின் கொக்கியைப் பூட்டும்போதுதான் கண்ணாடியில் அதைக் கண்டேன். கழுத்தின் முன்புறம், தைராய்டுச் சுரப்பியில் ஒரு கட்டி. எச்சில் விழுங்கினால் அது மேலேறி இறங்கியது. உப்புவெளியில் அயல்வீட்டு ஆச்சி, "கடற்கரைச் சனத்துக்கு இதெல்லாம் வராது பிள்ளை" என்றார். அயடின் குறைந்தால் இந்தச் சுரப்பி வீங்கும் என்பதும், கடலுப்பில் இயல்பாக உள்ள அயடின் சொற்பம் என்பதும், அதனால்தான் இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயம் என்பதும் ஆச்சிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, திருகோணமலையிலேயே செய்யக்கூடிய அல்ட்ராசவுண்ட். மற்றது, மச்சாள் பேராதனைக்குப் போய்ச் செய்துகொண்ட கதிரியக்க ஸ்கான். "அதுதான் பெரிய ஸ்கான், அதையே எடு" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் அல்ட்ராசவுண்டை எடுத்தேன்.

வலியில்லை, கதிரில்லை, கர்ப்பிணிகளுக்கும் பயமில்லை என்பதெல்லாம் எல்லோரும் அறிந்ததே. என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு. மச்சாளுக்கு இரத்தப் பரிசோதனையில் ரி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹோர்மோன்; சுரப்பி அதிகம் வேலை செய்தால் இது குறையும்) குறைவாக இருந்தது, நெஞ்சு படபடத்தது, உடல் மெலிந்தது. சுரப்பியின் எந்தப் பகுதி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ரெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, ஏறக்குறைய 20 நிமிடம் கழித்துக் கமராவின் கீழ் படுக்கவைத்தார்களாம். ஊசிமருந்தை உறிஞ்சும் கட்டி 'சூடானது'. அதில் புற்றுநோய் அரிது. உறிஞ்சாதது 'குளிர்ந்தது', அதிலும் பெரும்பாலானவை தீங்கற்றவையே. எனக்கோ ரி.எஸ்.எச். சரியாக இருந்தது. அந்த நிலையில் அந்த ஸ்கான் 'குளிர்ந்த கட்டி' என்று சொல்லியிருந்தாலும், அடுத்து அல்ட்ராசவுண்டுக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். அதற்காகக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று விடியற்காலை பஸ்ஸில் குலுங்குவானேன்?

அல்ட்ராசவுண்ட் கட்டியின் குணத்தைப் படிக்கிறது. 2017இல் அமெரிக்கக் கதிரியல் கல்லூரி வெளியிட்ட புள்ளிமுறைப்படி (புள்ளி கூடினால் புற்றுநோய்ச் சந்தேகம் கூடும்) என் கட்டி திடமானது என்பதற்கு 2, சுற்றியுள்ள சுரப்பியைப் போலவே ஒலியலையை எதிரொலிக்கிறது என்பதற்கு 1, மொத்தம் 3 புள்ளி. ஒழுங்கற்ற ஓரமோ, சுண்ணாம்புப் பொட்டுகளோ, அகலத்தைவிட உயரம் கூடிய வடிவமோ இல்லை. அளவு 18 மில்லிமீற்றர். இந்த வகையில் 25 மில்லிமீற்றரைத் தொட்டால்தான் ஊசி மூலம் கலம் எடுத்துச் சோதிக்கச் சொல்கிறார்கள். அதுவரை 1, 3, 5ஆம் ஆண்டுகளில் மீண்டும் பார்க்க வேண்டும்.

இந்த 'மீண்டும்' என்ற சொல்தான் என் முடிவு. ஒருமுறை எடுத்து மறந்துவிடும் படமல்ல இது. ஐந்து ஆண்டுகள் அளவை அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து போய் மதியச் சமையலுக்குத் திரும்பக்கூடிய இடத்தில் எடுத்தால்தான் நான் தவறாமல் போவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆனால் பார்ப்பவரின் கையைப் பொறுத்தது அல்ட்ராசவுண்ட். முதலில் ஓரிடத்தில் எடுத்த அறிக்கையில் 'சிறிய கட்டி' என்று மட்டும் எழுதியிருந்தது. சிறியது என்றால் கடலையா, கொட்டைப் பாக்கா? அதை வைத்து எதனோடு ஒப்பிடுவது? மறுபடி பணம் கட்டி வேறிடத்தில் எடுத்தேன். நீளம், அகலம், தடிப்பு என மூன்று அளவும் கேட்டு வாங்கினேன். அடுத்த ஆண்டு நீளம் 20 ஆனபோது கலங்கிப்போனேன். குறைந்தது இரண்டு அளவுகளாவது 20 சதவீதமும் 2 மில்லிமீற்றரும் கூடினால்தான் வளர்ச்சி என்று கொள்வார்களாம். மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. கருவியைப் பிடிக்கும் சாய்வு மாறினாலே இவ்வளவு வரும் என்றார் வைத்தியர்.

சி.ரி. ஸ்கான் நான் எடுத்ததில்லை. கழலை, அதாவது வீங்கிய தைராய்டு, நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தால் அல்ட்ராசவுண்டுக்கு எட்டாது. அப்போது அது வேண்டும். ஆனால் அதற்கு ஏற்றும் அயடின் மருந்து, பின்னால் வரும் கதிரியக்க ஸ்கானையும் சிகிச்சையையும் வாரக்கணக்கில் குழப்பிவிடும் என்பதால், முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிடுவது நல்லது. ரி.எஸ்.எச். குறைந்தவர்கள் மச்சாள் போன வழியே போகட்டும்; அவர்களுக்கு என் வாதம் பொருந்தாது.

மூன்றாம் ஆண்டு ஸ்கான் வரும் தைப்பொங்கலுக்குப் பிறகு. பழைய இரண்டு அறிக்கைகளும் காணி உறுதி இருக்கும் அதே கோப்பில், அலுமாரியில் இருக்கின்றன.