அம்மாவை யார் பார்த்துக்கொள்வது: நாங்கள் முயன்று பார்த்த மூன்று ஏற்பாடுகள்

"எந்த வீட்டுக்கும்மா விடணும்?" என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கேட்டபோதுதான் நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மாவுக்கு அப்போது வயது 74. குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு. அறுவை சிகிச்சை முடிந்து பத்தாம் நாள் வெளியே வருகிறார். தரையில் உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, தாழ்வான நாற்காலி கூடாது, வாக்கர் இல்லாமல் ஓரடி நகரக் கூடாது என்று மருத்துவர் சொன்னதெல்லாம் மனப்பாடம். எந்த வீடு என்பதை மட்டும் யாரும் பேசியிருக்கவில்லை.

அண்ணன் சென்னையில். தம்பி கோயம்புத்தூரில். நான் திருச்சியில், ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அம்மா வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரத் தூரத்தில். அன்றைக்கு என் வாயிலிருந்து "எங்க வீட்டுக்கே விடுங்க" என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகான மூன்று வருடங்களில் மூன்று விதமான ஏற்பாடுகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டோம். இதே கேள்வியோடு நிற்கிறவர்களுக்காக, எது எங்கே தாங்கியது, எது எங்கே விட்டது என்று எழுதுகிறேன்.

முறை வைத்துப் பார்ப்பது

ஆளுக்கு இரண்டு மாதம். காகிதத்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. பாகம் பிரிக்கும்போதே பெரியவர்கள் உட்கார்ந்து இப்படி எழுதிவைக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். எங்களுக்கு இது ஒரு சுற்றுதான் ஓடியது.

முதல் சிக்கல் மாத்திரையில் வந்தது. சென்னை மருத்துவர் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். திருச்சி மருத்துவர் எழுதியிருந்ததும் அதே அம்லோடிபின்தான். கம்பெனி வேறு, பெயர் வேறு, அட்டையின் நிறமும் வேறு. அம்மா இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் தலைசுற்றலோடு இருந்தார். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத் தம்பி படித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. முறை வைக்கிறவர்கள் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். முடியாவிட்டால் மருந்தின் பெயர்களைக் கைப்பட எழுதிய ஒரே ஒரு தாளாவது அம்மாவோடு வீடு வீடாகப் போகட்டும்.

அப்புறம், மூன்று வீட்டிலும் மூன்று குளியலறை. சுவரில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, உயரமான கமோடு, ராத்திரி விளக்கு எல்லாம் மூன்று மடங்கு. இதையெல்லாம் பணம் சரிசெய்துவிடும். சரிசெய்ய முடியாதது, அம்மா எல்லா வீட்டிலும் விருந்தாளியாகிப் போனது. அண்ணன் வீட்டில் இரண்டாவது காபி வேண்டும் என்று கேட்க மாட்டார். அண்ணி முகம் சுளிப்பவர் இல்லை, ஆனாலும் கேட்க மாட்டார். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று அம்மாவே சொல்வதுண்டு. அது காபியில் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

பிள்ளைகளுக்குள்ளும் பேச்சு அம்மாவைப் பற்றி இல்லாமல் தேதியைப் பற்றியே ஆனது. தீபாவளி யார் கணக்கில் வருகிறது, இருபத்தெட்டே நாள் உள்ள பிப்ரவரி யாருக்கு விழுந்தது. சிரிக்காதீர்கள், பிப்ரவரிக்காக நிஜமாகவே ஒரு சண்டை நடந்தது.

நடமாட்டம் உள்ள, ஊர் மாறினால் உற்சாகமாகிற பெற்றோருக்கு இது பொருந்தலாம். ஞாபக மறதி தொடங்கிவிட்டவர்களுக்கு வேண்டவே வேண்டாம். கழிப்பறை எந்தப் பக்கம் என்று பழகுவதற்குள் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டினால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

ஒருவர் வைத்துக்கொள்ள, மற்றவர்கள் பணம் அனுப்புவது

இதில் அம்மாவுக்குத்தான் அதிக நன்மை. ஒரே மருத்துவர், ஒரே கட்டில், ஒரே ஜன்னல். என் வீட்டில் எட்டு மாதம் இருந்தார், நன்றாகத் தேறினார். தேறாமல் போனது நான்.

அண்ணனும் தம்பியும் முதல் தேதியன்று பணத்தைத் தவறாமல் போட்டுவிடுவார்கள். குறை சொல்ல முடியாது. ஆனால் பணம் வந்த பிறகு ஒரு விசித்திரம் நடக்கிறது. அனுப்பியவருக்குக் கடமை தீர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. வாங்கிக்கொண்டவருக்கோ மேற்கொண்டு எதையும் கேட்க வாய் வருவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கழிப்பறைக்கு எழுந்து கூட்டிப்போவதற்கு எந்தக் கணக்கில் எழுதுவது? நான் அலுவலகத்தில் எடுத்த விடுப்பெல்லாம் அம்மாவுக்கே போனது. மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போகவில்லை. பல் வலிக்கு மூன்று மாதம் வலி மாத்திரை போட்டே ஓட்டினேன்.

அந்தச் சமயத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களின் சுமையை அளப்பதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் ஸாரிட் அளவுகோல். மொத்தம் 22 கேள்விகள். உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா, கோபம் வருகிறதா, இந்தப் பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டால் தேவலை என்று தோன்றுகிறதா என்கிற மாதிரிக் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு முன்பே பேனாவை மூடிவிட்டேன். அம்மாவைச் "சுமை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைப்பதே பாவம் என்று தோன்றியது. இப்போது யோசித்தால், அந்தக் கூச்சம்தான் என்னை எட்டு மாதம் வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தது. நம் வீடுகளில் கேட்காமல் செய்தால்தான் பாசம். கேட்டு வாங்கினால் அது கணக்கு. அவர்களாகப் புரிந்துகொள்வார்கள் என்று காத்திருந்தேன். சென்னையில் இருப்பவருக்கு எப்படிப் புரியும்? போனில் கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்காங்கண்ணே" என்று சொன்னது நான்தானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. அதைக் கேட்கிற பெண்ணை இன்றும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பெற்றோரைப் பார்த்துக்கொள்வதில் அவள் பங்கைக் கேட்கவே வேண்டாம், தானாக வந்து மடியில் விழுந்துவிடும்.

கேட்பதிலும் மூன்று விதம்

மூன்றாவது ஏற்பாட்டுக்குப் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்த ஏற்பாடும் நிற்பதும் விழுவதும் இங்கேதான். நான் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன்.

முதலில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில். "ரொம்ப முடியலை, யாராவது கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று போட்டேன். பதினேழு பேர் பார்த்தார்கள். கும்பிடும் கைகள் ஐந்து வந்தன. பெங்களூர் அத்தை கஷாயக் குறிப்பு ஒன்று அனுப்பினார். "யாராவது" என்றால் யாரும் இல்லை, "கொஞ்சம்" என்றால் எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. தப்பு அவர்கள் மேல் மட்டும் இல்லை.

அடுத்தது, பெரியவரை வைத்துப் பேசுவது. எங்கள் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நடு வீட்டில் உட்கார்ந்தார். இதில் ஒரு பலம் உண்டு: அவர் முன்னால் ஒப்புக்கொண்டதை யாரும் லேசில் மறுக்க முடியாது. ஆனால் சபை கூடினால் பழைய கணக்கெல்லாம் கூடவே வந்து உட்கார்ந்துவிடும். என் கல்யாணச் சீர் வந்தது. தம்பியின் இன்ஜினியரிங் ஃபீஸ் வந்தது. அம்மாவின் வளையல் யாரிடம் இருக்கிறது என்பதும் வந்தது. பக்கத்து அறையில் அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தார். மறுபடி அந்த வழிக்கு நான் போக மாட்டேன். அண்ணன் தம்பிக்குள் பேச்சே நின்றுபோன குடும்பங்களுக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம்.

மூன்றாவது, தனித்தனியாகப் போன். தம்பியிடம் இப்படிக் கேட்டேன்: "ஒவ்வொரு மாசமும் ரெண்டாவது சனி, ஞாயிறு நீ இங்க வந்து அம்மாவைப் பார்த்துக்கணும். அந்த ரெண்டு நாளும் நான் வீட்ல இருக்க மாட்டேன்." வேலை, நாள், அளவு மூன்றும் அதில் இருந்தன. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அக்கா, அம்மாவைக் குளிப்பாட்டணுமே, எனக்கு எப்படி..." என்றான். அவனுடைய தயக்கம் அங்கே இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். குளியலுக்கு ஒரு ஆயாவை அந்த இரண்டு நாள் மட்டும் வரச் சொன்னோம், தீர்ந்தது.

அண்ணனிடம் அவ்வளவு எளிதாக இல்லை. "பார்க்கலாம்மா" என்றார். நம் ஊரில் "பார்க்கலாம்" என்றால் முடியாது என்று அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நாம் காத்திருப்போம். இந்தத் தடவை காத்திருக்கவில்லை. "எதுன்னு இப்பவே சொல்லிடுங்கண்ணே, முடியலைன்னாலும் பரவாயில்லை, நான் வேற ஏற்பாடு பண்ணணும்" என்றேன். வர முடியாது என்றார். மருந்து, மருத்துவமனை ரசீது, காப்பீடு, அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்று நேரத்துக்குப் போகிறதா என்று பார்ப்பது, இவற்றை எடுத்துக்கொள்கிறேன் என்றார். முடியாது என்று தெளிவாகச் சொன்ன அந்த ஒரு பதில், ஒரு வருடப் "பார்க்கலாம்"களைவிட எனக்கு உதவியது.

சொந்த வீடு, உதவிக்கு ஆள்

இப்போது நடப்பது இதுதான். அம்மா ஸ்ரீரங்கத்து வீட்டில், இருபத்துநான்கு மணி நேரமும் கூடவே தங்கும் ஓர் அம்மாவோடு. செலவு மூன்று பங்கு. ஆட்களை அனுப்பும் நிறுவனங்கள் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று இரண்டு வகை சொல்வார்கள். சமைப்பாரா, துணி துவைப்பாரா, லீவு நாளில் மாற்று ஆள் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்களுக்கு முதலில் வந்தவர் நான்காம் நாள் சொல்லாமல் கிளம்பிவிட்டார். நிறுவனத்தில் போனை எடுக்கவே ஆள் இல்லை. இப்போது இருப்பவர் தெரிந்தவர் மூலம் வந்தவர், இரண்டு வருடமாக இருக்கிறார்.

ஆள் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் நம்பியது அசட்டுத்தனம். உடம்பு வேலை குறைந்தது, போன் கூடியது. பருப்பில் உப்பு இல்லை, ஃபேன் சத்தம் போடுகிறது, அவள் டீ குடிக்க இவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்று ஒரு நாளைக்குப் பதினைந்து அழைப்பு. கடைசியில் எல்லை போட வேண்டியிருந்தது அண்ணனிடமோ தம்பியிடமோ அல்ல, அம்மாவிடம். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நானே கூப்பிடுவேன். ராத்திரி பத்து மணிக்கு மேல விழுந்துட்டா, மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா மட்டும் கூப்பிடும்மா. மத்ததைக் காலையில பேசிக்கலாம்." அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் பேசவில்லை. நான் காலையிலும் மாலையிலும் சொன்னபடி கூப்பிட்டேன். கூப்பிடுகிறேன் என்று சொன்ன நேரத்தை நாம் தவறவிட்டால் அது எல்லையாக இருக்காது, கைவிட்டதாகத்தான் இருக்கும். இன்னும் சில நாள் இரவு பதினொன்றரைக்கு அழைப்பு வருகிறது. எடுப்பேன். விஷயம் ஃபேன் என்றால் "காலையில பேசலாம்மா" என்று வைத்துவிடுவேன். வைத்த பிறகு தூக்கம் வர நேரமாகும், அது வேறு.

அம்மாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கும் வரைதான் இந்த ஏற்பாடு என்பதையும் எழுதிவிடுகிறேன். பிள்ளைகளில் ஒருவராவது அதே ஊரில் இருக்க வேண்டும், பணமும் வேண்டும். இவை இல்லாதவர்களுக்கு இரண்டாவது ஏற்பாடே மேல், ஆனால் பணத்தோடு நாட்களையும் கேட்டு வாங்குங்கள்.

குடும்பத்துக்கு வெளியே

வெளியிலும் கேட்கலாம். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தருகிறார்கள், பிசியோதெரபியும் படுக்கையில் இருப்பவர்களுக்கான வலிநிவாரண சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் போதும். முதியோர் உதவி எண் 14567. மனசு ரொம்பக் கனக்கும்போது பேச 14416. இரண்டாவது எண்ணுக்கு நானே ஒரு தடவை பேசியிருக்கிறேன்.

சட்டம் என்று போனால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மகன், மகள் இருவரையும் ஒரே மாதிரிதான் பொறுப்பாக்குகிறது. மனு கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகும். ஜீவனாம்சமாக மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். ஒரு பிள்ளை மேல் மட்டும் மனு வந்தால், அவர் மற்ற பிள்ளைகளையும் அதில் சேர்க்கச் சொல்லலாம். கைவிடப்பட்ட பெற்றோருக்கு இது பெரிய துணை. ஆனால் இரண்டாவது சனிக்கிழமை தம்பியை வரவழைக்க எந்தக் கோட்டாட்சியராலும் முடியாது.

போன மாதம் அண்ணன் ஆன்லைனில் டயப்பரை அளவு மாற்றி அனுப்பிவிட்டார், மீடியத்துக்குப் பதில் எக்ஸ்ட்ரா லார்ஜ். தெருமுனைக் கடையில் நானே வாங்கி வந்திருக்கலாம், பத்து நிமிட வேலை. வண்டிச் சாவியைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்புறம் மாட்டிவைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டு, "அளவு மாறிடுச்சுண்ணே, ரெண்டு நாளைக்குத்தான் பழசு இருக்கு" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் சரியான பெட்டி வந்து சேர்ந்தது.