சென்னையில் சொந்தக்காரர் இல்லாதவர்களுக்கு ஒரு வீடு

சென்னைக்குப் போனால் எங்கே தங்குவது என்ற கேள்விக்கு எங்கள் போடிநாயக்கனூரில் இரண்டே பதில்கள்தான். சொந்தக்காரர் இருந்தால் அவர் வீடு, இல்லாவிட்டால் லாட்ஜ். எனக்குச் சென்னையில் சொந்தம் என்று ஒருவரும் கிடையாது. ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். அந்தச் சம்பளத்தில் மகளையும் அழைத்துக்கொண்டு லாட்ஜில் தங்கி ஊர் பார்ப்பதென்றால், வாடகையை எண்ணியே நாள் போய்விடும். பல ஆண்டுகள் மூடிக் கிடந்த எங்கள் ரயில் பாதை அகலப்பாதையாகி, 2023 ஜூனில் சென்னை சென்ட்ரலுக்கு நேரடி ரயிலும் வந்துவிட்டது. தங்க ஓர் இடம்தான் பாக்கி. அதைத் தீர்த்துவைத்தது பீவெல்கம் என்ற விருந்தோம்பல் இணையதளம். அதன் வழியாக வடசென்னையில் ஒரு வீட்டில் தங்கி வந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஏற்பாடு எளிமையானது. வீட்டில் இடம் இருப்பவர்கள் தங்கள் ஊர், எத்தனை பேர் தங்கலாம், சாப்பாடு உண்டா, ஊர் சுற்றிக் காட்ட முடியுமா என்றெல்லாம் பதிந்து வைக்கிறார்கள். தங்க விரும்புகிறவர் கடிதம் எழுதிக் கேட்கிறார். வாடகை கிடையாது, தளத்துக்கும் கட்டணம் கிடையாது. 2007இல் தொடங்கிய இதை, பிரான்ஸில் பதிவான லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றின் சார்பில் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்த சில ஆண்டுகளில், 1949இல், நாடுகளுக்கிடையே நட்பு வளரட்டும் என்று தொடங்கிய செர்வாஸ் இன்றும் இருக்கிறது. அதில் நேர்காணல் முடித்து அறிமுகக் கடிதம் வாங்க வேண்டும். 2004இல் வந்த கவுச்சர்ஃபிங் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். அது 2020 முதல் உறுப்பினர் கட்டணம் கேட்கத் தொடங்கியது. கட்டணமே இல்லாதது என்பதால் பீவெல்கத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

எனக்கு வந்த பதில்களில் பெரும்பாலானவை வேளச்சேரி, தாம்பரம் பக்கத்திலிருந்து வந்தவை. நல்ல மனிதர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்த ஒரு வீட்டின் பக்கத்தைப் படித்ததும் வேறெங்கும் போகத் தோன்றவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரும் அவர் மனைவியும் இருக்கும் வீடு. "பெண்களாகவோ தம்பதியாகவோ இரண்டு பேர் வரலாம். தனி அறை இல்லை. கூடத்திலோ மொட்டை மாடியிலோ படுக்கலாம், கொசுவலை தருவோம். குளியலறை ஒன்றுதான். விடிவதற்கு முன் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்கும். வீட்டில் மீன் சமைப்போம். இரவு பத்து மணிக்கு வாசல் கதவைப் பூட்டிவிடுவோம்." இவ்வளவு வெளிப்படையாக எந்த லாட்ஜாவது தன்னைப் பற்றி எழுதியிருக்கிறதா? எழுதியிருந்ததில் ஒரு வரிகூடப் பொய்யாகவில்லை. இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் முதல் பாராட்டு இதற்குத்தான்.

நானும் ஒளிவுமறைவில்லாமல் எழுதினேன். நாங்கள் யார், ஏன் வடசென்னையைப் பார்க்க விரும்புகிறோம், மகள் மீன் சாப்பிடுவாள், எனக்கு முழங்கால் வலி, மாடிப்படி எத்தனை என்று. அந்த வீட்டு அக்கா மறுநாளே தொலைபேசியில் பேசினார். படி செங்குத்துதான், பிடித்து ஏறக் கயிறு கட்டியிருக்கிறோம், வா கண்ணு என்றார். பெண்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். வீட்டிலிருக்கும் பெண்ணிடம் பேசாமல் ரயில் ஏறாதீர்கள். ஏற்கெனவே தங்கிய பெண்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் படியுங்கள். மனம் ஒப்பாவிட்டால் கிளம்பிவிட, எழும்பூர்ப் பக்கம் ஒரு லாட்ஜின் எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசலுக்குள் நான்கு குடித்தனங்கள் இருக்கும் பழைய வீடு அது. தெருவில் அடிபம்பு. இருள் பிரியும் முன்பே குடங்கள் வரிசையாகிவிடும். எல்லாம் ஒரே அளவு பிளாஸ்டிக் குடம் என்பதால் எது யாருடையது என்று தெரிய, கழுத்தருகே நகப்பூச்சால் ஓர் எழுத்து எழுதியிருக்கிறார்கள். அக்காவுடையது சிவப்பு நிற 'க'. குடத்தின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு அவர் பம்பை அடிக்க, தண்ணீர் முதலில் இருமி, காற்றைக் கக்கி, பிறகு கனமாக விழும். முதல் சில குடங்கள் குடிக்கவும் சமைக்கவும், மற்றவை தொட்டிக்கு. என் மகள் இரண்டாம் நாளே வரிசையில் நின்றுவிட்டாள். பக்கத்துக் குடித்தனத்துப் பெண் அவளிடம், "நீ 'க' வீடா?" என்று கேட்டாள். 'க' வீடு என்று ஆன பிறகு அந்தத் தெருவில் யாரும் எங்களை வெளியூர்க்காரர்களாகப் பார்க்கவில்லை. பெட்டிக்கடையில் சில்லறை பாக்கி வைக்கக்கூட முடிந்தது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடியுமுன் அக்கா ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார், நாங்கள் பின்னாலேயே போனோம். படகுகள் கரை சேர்ந்து, ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு நடுவே மீன் குவியல் குவியலாகத் தரையில் இறங்கியது. ஏலம் விடுகிறவர் விலையைச் சொல்லும் வேகத்தில் எனக்கு ஒரு எண்ணும் பிடிபடவில்லை. எங்கள் போடியில் ஏலக்காய் ஏலம் கணினியில் நடக்கும். வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், விலை சத்தமே இல்லாமல் ஏறும். அங்கேயே பிழைப்பு நடத்தும் எனக்கு, தொண்டை நரம்பு புடைக்க விலை ஏறுவதைப் பார்க்க உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாங்குகிறவர் தலையசைத்தால் போதும், அடுத்த குவியலுக்குப் போய்விடுகிறார்கள்.

நம்மைப் போன்றவர்கள் அந்த ஏலத்தில் நிற்க வேண்டியதில்லை. அதைத் தாண்டிப் போனால் பெண்கள் கூறு போட்டு விற்கிறார்கள். அக்கா சங்கரா மீனின் செவுளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். உள்ளே ரத்தச் சிவப்பு. அடுத்த கடையில் செவுள் பழுப்பேறியிருந்தது, ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துவிட்டார். வஞ்சிரத்தை ஞாயிற்றுக்கிழமை வாங்கக் கூடாது, விலை கேட்கவே கூடாது என்றார். கடைசியில் வாங்கியது சங்கரா கொஞ்சம், நெத்திலி ஒரு கூறு. அரிவாள்மணை முன் உட்கார்ந்திருந்த பெண்மணி அவற்றைச் சுத்தம் செய்து கொடுத்த வேகத்தை மகள் வாயடைத்து நின்று பார்த்தாள். மதியம் மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு. இந்தச் சாப்பாட்டுக்கு விலை போட எந்த ஓட்டலாலும் முடியாது.

மற்ற நாட்களில் அக்காவின் கணவர், எங்களுக்கு அண்ணன், எங்களைக் கூட்டிப்போனார். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தின் தூண்களைக் கையால் தொட்டுப் பார்த்தோம். அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை முதல் ரயில் போனது. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவும் பக்கம்தான். தன் அப்பா அந்த மழையில் நனைந்து நின்றார் என்று அண்ணன் சொன்னபோது, பாடப்புத்தகத்தில் படித்த மகளுக்கு முகமே மாறிவிட்டது.

திருவொற்றியூருக்குப் புறநகர் மின்சார ரயிலில் 5 ரூபாய் டிக்கெட். மெட்ரோவும் 2021 முதல் விம்கோ நகர் வரை போகிறது. கோயிலில் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள்ளேயே இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசம் களைகிறார்கள். வடிவுடையம்மன் சந்நிதியில் நின்று, வள்ளலார் நடந்து வந்து தொழுத இடம் இது என்று நினைத்துக்கொண்டேன். பட்டினத்தார் சமாதி கடற்கரையோரம் இருக்கிறது. கரையை அலை அரிக்காமல் இருக்கப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறைகளில் உட்கார்ந்து அண்ணன் எண்ணூர் பக்கம் கைகாட்டினார். மறுநாள் அங்கேயும் போனோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் படர்ந்த கழிமுகம் அது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கீழே தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சென்னையைச் சுற்றிக் காட்டும் எந்தப் பஸ்ஸும் இங்கே வராது. வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நகரத்துக்கு வெளிச்சம் கொடுக்கிற இடத்தில் வாழ்கிறவர்கள் அதற்கு விலையாக எதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று என் மகள் கேட்ட கேள்விகளுக்கு அண்ணன்தான் பொறுமையாகப் பதில் சொன்னார்.

பாரிமுனைப் பக்கம் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ், மேலே வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும், கூடவே வாழைத்தண்டு சூப். மகளுக்குப் பிடித்தது, எனக்கு ஒரு தட்டு போதும். எம்.சி. ரோட்டில் துணி எடுக்க அக்காவையும் அழைத்துப் போனதால், பேரம் பேசும் வேலை எனக்கு இல்லாமல் போயிற்று.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் இப்படிப் பதிந்து வைத்திருக்கும் வீடுகள் குறைவு, மாதக்கணக்கில் முன்னதாகக் கேட்க வேண்டும். கூடத்தில் படுத்தால் அந்த வீட்டு நேரத்துக்கு எழுந்தாக வேண்டும். காலை ஒன்பது வரை தூங்க விரும்புகிறவர்கள் தயவுசெய்து லாட்ஜுக்குப் போங்கள். மொட்டை மாடியில் காற்று நன்றாக இருந்தது, ஆனால் வலைக்கு வெளியே கால் நீட்டினால் கொசு விடாது. வெளிநாட்டு விருந்தினர் என்றால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை அரசுக்கு இணையத்தில் அனுப்ப வேண்டும். கடவுச்சீட்டையும் விசாவையும் தயங்காமல் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும், அது அவர்கள் தலையில் இருக்கும் பொறுப்பு.

இலவசம் என்பதால் வெறுங்கையோடு போய்விடக் கூடாது. நான் எங்கள் ஊர் ஏலக்காய் கொண்டுபோனேன். பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது அக்காவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. ஆனால் அவர் பொறுப்பில் இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டு சில மாதங்களாக ஒத்துவராமல் கிடந்தது. ஒரு சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்து பார்த்தோம். வட்டியை ஒரு பக்கத்தில் இரண்டு முறை கழித்திருந்தார்கள், அவ்வளவுதான். கணக்கு நேரானதும் குழுவிலிருந்த பெண்கள் ஆளுக்கொரு தின்பண்டத்தோடு வந்துவிட்டார்கள். லாட்ஜில் தங்கியிருந்தால் என் தொழில் யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

இப்போது பீவெல்கம் தளத்தில் என் பக்கத்திலும் 'விருந்தினர் வரலாம்' என்று குறித்திருக்கிறேன். போடியில் ஓர் அறை, ஜன்னலைத் திறந்தால் மலை, தண்ணீர்க் கஷ்டம் இல்லை, காரம் கொஞ்சம் கூடுதல்.

வடசென்னைக்குக் கேட்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, காசிமேடு அந்தக் காசிமேடாக இருக்காது. நாங்கள் அடுத்ததாகக் கார்த்திகைப் பௌர்ணமிக்குக் கேட்டு எழுதியிருக்கிறோம். கவசம் களைந்த மூன்று நாட்களும் கூட்டம் நெரியும், முந்தின நாளே வந்துவிடுங்கள் என்று அக்கா பதில் போட்டிருக்கிறார்.